ஊசி இல்லாத தடுப்பூசி, பதில் இல்லாத படிவம்

பள்ளிகளில் குழந்தைகளுக்கு மூக்கில் ஃப்ளூ தடுப்பு மருந்து தெளிக்க வரும் சுகாதாரக் குழுவினருக்கும், அதற்கான ஒப்புதல் படிவத்தை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். என் இளைய மகனுக்கான படிவம் முந்தாநாள் அவனுடைய புத்தகப்பையின் அடியிலிருந்து கசங்கி வெளியே வந்தது. அப்போதிருந்து சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. கையெழுத்துப் போடத்தான் போகிறேன். அதற்கு முன் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் இந்தப் பெயர். ஊசியே இல்லாத மருந்தை நாம் தடுப்பூசி என்கிறோம். மூத்தவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல தடுப்பூசி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மூக்கில்தான் தெளிப்பார்கள் என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. "அப்போ ஏன் ஊசின்னு சொல்றீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. பிள்ளைகளிடம் பேசும்போதாவது மூக்கு மருந்து என்று சொல்லலாமே.

சரி, அது சின்ன விஷயம். பெரியது அதற்கு முந்தைய வருடம் நடந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: "வீட்டில் யாருக்காவது நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாக உள்ளதா?" பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். என் மாமனார் அப்போது புற்றுநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல மனம் வராமல் 'ஆம்' போட்டேன். யாராவது கூப்பிட்டு விவரம் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. மருந்து கொடுத்த அன்று சாயங்காலம் மகள் வந்து, "எல்லார் பேரையும் கூப்பிட்டாங்க, என் பேரை மட்டும் கூப்பிடல" என்றாள். மூக்கு மருந்தும் இல்லை, அதற்குப் பதில் ஊசியும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க மாமனார் இருமினாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

பிறகு அவருடைய மருத்துவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. மருந்தில் இருக்கும் பலவீனமான வைரஸ் பிள்ளையிடமிருந்து வீட்டில் உள்ளவருக்குத் தொற்றிவிடக் கூடாது என்றுதான் அந்தக் கேள்வி. அந்த எச்சரிக்கை எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து தனியறையில் வைத்துப் பார்க்கப்படுபவரைப் போல, எதிர்ப்புச் சக்தி அடியோடு விழுந்துபோனவர்களுக்கானது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு ஊசியாகப் போடலாம். என் மாமனார் அந்த நிலையில் இல்லை. இதை இரண்டு வரியில் படிவத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதாததால் கிழவரைக் காப்பாற்ற நினைத்துப் பேத்தியைப் பாதுகாப்பில்லாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்குள் ஃப்ளூவைக் கொண்டுவருவதில் சின்னப் பிள்ளைகளை மிஞ்ச ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

அடுத்த வருடம் ஒருவழியாக அவளுக்கும் கிடைத்தது. நானும் கூடப் போயிருந்தேன். சின்ன சிரிஞ்சு மாதிரி ஒன்று, முனையில் ஊசிக்குப் பதில் மழுங்கலான ஒரு சின்னக் குழல். உள்ளே இருப்பதே 0.2 மில்லிலிட்டர்தான். ஒரு துவாரத்தில் பாதியைத் தெளித்ததும் அழுத்தும் தண்டு ஒரு கிளிப்பில் முட்டி நிற்கிறது. செவிலியர் கிளிப்பைக் கழற்றிவிட்டு மீதியை அடுத்த துவாரத்தில் தெளித்தார். உறிஞ்ச வேண்டாம், சாதாரணமாக மூச்சு விட்டால் போதும் என்றார். அவ்வளவுதான், வீடு அதிரும்படி ஒரு தும்மல்! "எல்லாம் வெளியே வந்துடுச்சு" என்று மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அதே பயம்தான். செவிலியர் சிரித்துக்கொண்டே, ஒரு பாதியில் இருப்பதே போதும், தும்மினாலும் மறுபடி கொடுக்கத் தேவையில்லை என்றார். வரிசையில் எத்தனை பிள்ளைகள் தும்முகின்றன! எத்தனை வீடுகளில் அன்று ராத்திரி மருந்து வீணாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்!

இன்னொன்று, 'உயிருள்ள வைரஸ்' என்ற சொல். படிவத்தின் மூலையில் பொடி எழுத்தில் அதைப் போட்டுவிட்டு விளக்காமல் விட்டால் எந்த அம்மாவுக்கும் வயிறு கலங்கும். கதையைச் சொன்னால் கலங்காது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹுனெய்ன் மாசாப் என்ற அறிவியலாளர், 1960இல் எடுக்கப்பட்ட ஒரு ஃப்ளூ வைரஸை மேலும் மேலும் குறைந்த வெப்பத்தில் வளர்த்துப் பழக்கினார். குளிருக்குப் பழகிய அந்த வகை 25 டிகிரி செல்சியஸில் நன்றாகப் பெருகும், 39 டிகிரியில் முடங்கிவிடும். மூக்கின் உட்புறம் குளிர்ச்சி, நுரையீரல் சூடு. அதனால் மூக்கில் கொஞ்சம் பெருகி உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும், கீழே இறங்கி வேலையைக் காட்டாது. இரண்டு நாள் மூக்கு ஒழுகலாம், தலைவலியோ லேசான காய்ச்சலோ வரலாம். இதைப் படித்த பிறகு எனக்குப் பயம் போய், ஒருவித மரியாதையே வந்துவிட்டது.

ஜெலட்டின் விஷயம் இதைவிட முக்கியம். ஃப்ளூமிஸ்ட், ஃப்ளூயன்ஸ் என்ற பெயர்களில் வரும் மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது, மருந்து கெடாமல் இருக்க. அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய் இதைத்தான் கேட்டார். "எல்லாருக்கும் இதைத்தாங்க கொடுக்கிறோம்" என்று உங்கள் குழுவில் வேறொருவர் பதில் சொன்னார். அந்தத் தாய் மறுபேச்சுப் பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உங்கள் கணக்கில் அவர் 'மறுத்தவர்' என்று பதிவாகியிருப்பார். அவர் எங்கே மறுத்தார்? கேட்டார், அவ்வளவுதான். ஜெலட்டின் இல்லாத ஊசியும் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு கிடைத்திருக்கும். இசுலாமியக் குடும்பங்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் இது சில்லறை விஷயம் இல்லை. மறைத்துக் கொடுத்தார்கள் என்று பின்னால் தெரியவந்தால், அடுத்து நீங்கள் கொண்டுவரும் எந்த மருந்தையும் நம்ப மாட்டார்கள்.

குறையைச் சொன்னால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்களோ என்னவோ. அமெரிக்காவில் இந்த மூக்கு மருந்துக்கு 2003இல் அனுமதி கிடைத்தது. ஃப்ளூ வைரஸில் எச்1என்1 என்ற வகைக்கு எதிராகச் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-17, 2017-18 ஆகிய இரண்டு பருவங்களுக்கு இதைப் பரிந்துரைக்காமல் நிறுத்தியே வைத்தார்கள். மருந்தில் அந்த வகைக்கான பகுதியை மாற்றிய பிறகு 2018-19இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் நம்பிக்கை கூடியது.

அதனால் கேட்கிறேன். யாருக்கு இது கூடாது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த பிள்ளை, தொடர்ந்து ஆஸ்பிரின் எடுக்கும் பிள்ளை. அண்மையில் மூச்சிளைப்பு வந்திருந்தால் முதலில் உங்களிடம் பேச வேண்டும் என்பதையும் சேருங்கள். ஜெலட்டினையும் அதற்கு மாற்றாக உள்ள ஊசியையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள். தும்மலுக்கு ஒரு வரி கொடுங்கள். 'ஆம்' என்று எழுதியவர்களைத் தள்ளி வைக்காமல் கூப்பிட்டுப் பேசுங்கள்.

மகனுடைய படிவத்தில் இந்த முறையும் அதே கேள்வி, அதே இரண்டு கட்டங்கள். நான் எதிலும் குறி போடவில்லை. பக்கத்தில் மாமனாரின் இப்போதைய மருந்துகளின் பெயரையும் என் தொலைபேசி எண்ணையும் எழுதியிருக்கிறேன். நாளைக்கு அவன் பையில் வைத்து அனுப்புகிறேன். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்