ஓடிப்போனவன் பெயர்தான் ஃபிராங்கன்ஸ்டைன்

ஐயா,

செயற்கை நுண்ணறிவு பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில் ‘படைத்தவனையே அழித்த ஃபிராங்கன்ஸ்டைன் பூதம்’ என்று ஒரு வரி பார்த்தேன். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது மேரி ஷெல்லியின் நாவலில் அந்தப் பூதத்தைச் செய்த விக்டரின் குடும்பப் பெயர். பூதத்துக்குக் கதை முடியும்வரை பெயரே கிடையாது. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான், போகட்டும். ஆனால் படைத்ததுதான் தப்பு என்கிற மாதிரி கட்டுரையாளர் முடித்துவிட்டாரே, அதற்குத்தான் எழுதுகிறேன்.

நான் 29 வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். ஓய்வுபெற்ற பிறகு மகள் வாங்கித் தந்துதான் 1818-இல் வந்த இந்த நாவலைப் படித்தேன். நவம்பர் மாத மழை இரவு. மெழுகுவத்தி அணையப்போகிறது. ஏறக்குறைய இரண்டு வருடம் விக்டர் பாடுபட்டுச் செய்த உடம்பு கண் திறக்கிறது. மஞ்சள் கண், மஞ்சள் தோல். விக்டர் அறையை விட்டே ஓடிவிடுகிறான். அப்புறம் அது அவன் படுக்கைத் திரையை விலக்கிப் பார்க்கிறது. வாயில் ஏதோ சத்தம், கன்னம் சுருங்க ஒரு சிரிப்பு, ஒரு கையை நீட்டுகிறது. மறுபடி ஓட்டம். விடியும்வரை முற்றத்திலேயே கிடக்கிறான். மறுநாள் அறை காலி என்று தெரிந்ததும் கைதட்டி மகிழ்கிறான்!

மஞ்சள் பூத்த குழந்தைகளை நான் எத்தனை பார்த்திருப்பேன். கண்ணை மூடிக் கட்டி நீல விளக்கின் கீழ் போடுவோம், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். பெயர் வைக்கும் முன்பே ‘இன்னாருடைய குழந்தை’ என்று கையில் பட்டை கட்டிவிடுவோம். அந்த எட்டடிப் பிள்ளைக்கு அதுகூட இல்லை. (எட்டடியும் அதன் குற்றமில்லை. சின்னச் சின்ன உறுப்பாகச் செய்தால் நேரமாகும் என்று அவசரப்பட்டது விக்டர்தான்.)

அது ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ராத்திரியில் விறகு கொண்டுவந்து போடுகிறது. கண் தெரியாத பெரியவர் ஒருவர்தான் அன்பாகப் பேசுகிறார். உள்ளே வந்த மகன் தடியால் அடிக்கிறான். பிறகு அது செய்த கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. விக்டரின் தம்பி வில்லியம் சின்னப் பையன். ஆனால் அந்தக் கொலைக்காக ஜஸ்டின் என்ற பெண் தூக்கில் தொங்கினாளே, உண்மை தெரிந்தும் விக்டர் ஏன் வாய் திறக்கவில்லை?

எழுதிய மேரி ஷெல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1797-இல் அவரைப் பெற்ற தாய்க்கு நஞ்சுக்கொடி சரியாக விழவில்லை. ஜன்னி கண்டு பதினோரு நாளில் போய்விட்டார். 1815-இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. குழந்தைக்குக் குளிர்தான் கண்டிருந்தது, நெருப்பின் முன் வைத்துத் தேய்த்தோம், பிழைத்துக்கொண்டது என்று தான் கண்ட கனவை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மறுவருடம் 18 வயதில் இந்தக் கதையைத் தொடங்கினார்.

பிறந்து அழாத குழந்தையை நாங்களும் துண்டால் முதுகில் அப்படித்தான் தேய்ப்போம். அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், ‘பூதம்’ என்ற சொல்லையும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், திண்டுக்கல்