ஃபாஸ்ட் கலர் வேகமான கலர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வந்த துணுக்கு: "ஃபாஸ்ட் கலர்னு சொல்லிக் குடுத்தீங்களே, முதல் தண்ணியிலேயே போயிடுச்சே!" "நான்தான் சொன்னேனே, ஃபாஸ்ட்டா போயிடும்னு!" நன்றாகவே சிரித்தேன். ஆனால் அதே பக்கத்தில் ஆங்கிலச் சொற்பொருள் பகுதியில் ஃபாஸ்ட் என்றால் 'வேகமான' என்று மட்டும் போட்டு முடித்துவிட்டீர்கள். எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் சேலை விரித்துப் போட்டவனுக்கு அது உறுத்தியது.

கடைப் பேச்சில் ஃபாஸ்ட் என்றால் கெட்டிச் சாயம். சந்தேகப்படுகிறவர்களுக்கு, வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து பார்டரில் நாலு தேய் தேய்த்துக் காட்டுவோம். நுனி வெள்ளையாகவே இருந்தால் பில் போடலாம். (மெரூன் பார்டர் என்றால் தேய்க்கிற எங்களுக்கே வயிற்றைக் கலக்கும்.) ஆய்வுக்கூடத்திலும் இதே தேய்ப்புதான், இயந்திரம் தேய்க்கிறது. ஒட்டிய கறையைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் துளியும் ஒட்டவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதல் பொருளே உறுதி, அசையாமை. வேகம் பிறகு வந்து சேர்ந்தது. விடாப்பிடியாக, மூச்சைப் பிடித்து ஓடுவதைச் சொல்லிச் சொல்லி, அது விரைந்து ஓடுவதற்கே ஆகிவிட்டது. உண்ணாநோன்பும் ஃபாஸ்ட்தான்; எடுத்த விரதத்தில் உறுதியாக நிற்பது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான 'ஃபெஸ்ட்' இன்றும் உறுதியைத்தான் குறிக்கிறது.

நம்மிடமும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. 'கடி' என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் பத்துப் பொருள் சொல்கிறது. அதில் விரைவும் உண்டு, காப்பும் உண்டு. கடிநகர் என்று படித்தால் காவலுள்ள ஊர் என்றுதான் கொள்கிறோம், ஓடுகிற ஊர் என்றல்ல.

சாயம் போவதிலும் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1960களில் அமெரிக்காவில் 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று கட்டம் போட்ட துணி சக்கைப்போடு போட்டது. சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்து விற்றார்கள். அதே துணியை வண்ணாரப்பேட்டையில் விற்றிருந்தால் மறுநாளே கடை வாசலில் பஞ்சாயத்து.

அடுத்த முறை 'உறுதியான, கெட்டியான' என்பதையும் சேர்த்துப் போடுங்கள். துணுக்குக்கு மறுப்பு எதுவும் வேண்டாம். பழைய கடையில் பையன்கள் அதைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக் கடை விற்பனையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21