சுறாப் பல்லும் ரப்பர் ஷீட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பகாங்கில் டைனோசர் பல் கிடைத்ததாக மலாயாப் பல்கலைக்கழகம் 2014இல் அறிவித்தது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அதே காலத்து மீன்களின் எச்சங்களும் பகாங்கில் கிடைத்து, 2019இல் ஆய்விதழில் வெளிவந்தன என்பது இங்கே மெந்தகாப்பில் நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தெமெர்லோ பாத்தின் மீனுக்குப் பேர்போன ஊர். ஆற்று மீனோடு வளர்ந்த நமக்கே தெரியாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். கிடைத்தவற்றில் ஹெட்டெரோப்டிகோடஸ் என்ற நன்னீர்ச் சுறாவின் பற்களும் உண்டு என்று சொன்னதும் ஒரு பையன், "டீச்சர், சுறா நம்ப காட்டுலயா இருந்துச்சு?" என்று எழுந்தே நின்றுவிட்டான். ஆமாம், 100 மில்லியனுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே ஆறு ஓடியது. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் மக்கிப் போகும், பல் மட்டும் கல்லில் தங்கும். இந்தச் சுறாவின் பல் கூராக இருக்காது. கெட்டியான ஓடுள்ள இரையை நொறுக்கித் தின்பதற்கு வாகாகத் தட்டையாக, மேலே வரிவரியாக மேடு ஓடும்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு ரப்பர் ஷீட்தான் ஞாபகம் வந்தது. ரப்பர் பாலில் செய்த ஷீட் சீக்கிரம் காய வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது என்று மெஷினில் வரி போடுவார்களே, அதே வரி! அப்புறம் சும்மா இருக்க முடியுமா? பழைய சிலிப்பர் அடிப்பாகத்தில் பல்லை வரைந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்தோம். மை தடவித் தாளை மேலே வைத்து, மாமனார் காலத்துக் கைமெஷினில், வரி இல்லாத வழவழப்பான உருளையில் கொடுத்தோம். முதல் தாளில் மை அப்பிவிட்டது. மூன்றாவதில் வரிகள் பளிச்சென்று விழுந்தன. வாழ்நாள் முழுக்கப் பால் வெட்டிய ஒரு பாட்டி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல் கிடைத்த இடத்தை ஆய்வாளர்கள் வெளியே சொல்லவில்லை. அது சரிதான். யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டியது புதைபடிவம் அல்ல, அதன் வடிவம். அதற்கு ஒரு சிலிப்பர் துண்டும் கொஞ்சம் மையும் போதும். மெஷின் இல்லாதவர்கள் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே அச்சு விழும்.

தங்கள் மாணவர் பக்கத்தில் இந்த மீன்களுக்கு அரைப்பக்கம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளின் அச்சுகள் பதினொன்று காய்ந்து தயாராக இருக்கின்றன. சொன்னால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மெந்தகாப், பகாங்