அலங்காநல்லூரில் அவிழ்க்காத காளை: ஜிம் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

செல்லூரில் நம்ம ஜிம்முக்கு வந்து எம்எம்ஏ (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை) பழகும் தம்பிகளுக்கு,

கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளைப் பலகையில் 'எல்லாக் காலத்துக்கும் டாப் டென் ஹெவிவெயிட்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அமெரிக்க வீரர் மியோசிச்சுக்கு அடுத்து, இரண்டாவதாக இருந்த ரஷ்ய வீரர் ஃபெடோர் எமெலியானென்கோவின் பெயரைப் போன வாரம் யாரோ துடைத்துவிட்டீர்கள். ஒழுங்காகத் துடைக்கவும் இல்லை, 'ஃபெ' மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன் என்று கேட்டால் ஒரு தம்பி போனை நீட்டினான். 2023 பிப்ரவரியில் ரயன் பேடரிடம் முதல் ரவுண்டிலேயே அடி வாங்கிக் கீழே கிடக்கிற வீடியோ. "இவரையா அண்ணே சாமி மாதிரி கும்பிட்டீங்க?"

அந்த வீடியோவில் அவருக்கு 46 வயது தம்பி. எனக்கு அந்த வயது இன்னும் வரவில்லை, அதற்குள் ஜிம் மாடிப்படி ஏறினாலே மூட்டு சத்தம் போடுகிறது.

நான் அவரை முதலில் பார்த்தது சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு 20 ரூபாய். அதில் பாதி, வட்டம் சுற்றுவதைப் பார்த்தே தீர்ந்துவிடும். 2004-ல் ஜப்பானின் பெரிய எம்எம்ஏ தொடரான பிரைடு போட்டியில் கெவின் ராண்டில்மனோடு நடந்த சண்டை. ராண்டில்மன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி அலாக்காகத் தூக்கினார். ஃபெடோரின் கால் இரண்டும் மேலே, தலை கீழே. சரியாக அந்த இடத்தில் வீடியோ நின்றுவிட்டது. ஒரு மனிதர் அந்தரத்தில் தலைகீழாகத் தொங்க, நான் அரை நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஓடியதும் கழுத்தோடு தரையில் இறங்கினார். "செத்தான்டா" என்று நான் கத்தியதில் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார். ஃபெடோர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. உருண்டு மேலே வந்தார், ராண்டில்மனின் கையை முதுகுப் பக்கம் முறுக்கினார், முடிந்தது. மொத்தச் சண்டையே 1 நிமிடம் 33 விநாடி.

அது அவருடைய நெஞ்சழுத்தம். திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் 2003 மார்ச் 16-க்குப் போங்கள். அன்றைக்கு பிரைடு ஹெவிவெயிட் பட்டம் பிரேசில்காரர் அந்தோனியோ ரொட்ரிகோ நொகெய்ராவிடம் இருந்தது. மல்லாக்கப் படுத்தபடியே ஆளை முடிக்கிறவர். அவருடைய கார்டுக்குள், அதாவது மல்லாக்கப் படுத்திருப்பவரின் இரண்டு காலுக்கு நடுவில், தெரிந்தே போவது வம்பை விலைக்கு வாங்குவது. ஃபெடோர் வேண்டுமென்றே போனார். போய், 20 நிமிடச் சண்டையில் பெரும்பகுதியை அங்கேயே இருந்து குத்தியே நடத்தி, பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

இது அவரால் எப்படி முடிந்தது என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். நான் வலது மூலையில் நின்று கபடி ஆடியவன். பாடி வருகிறவன் போனஸுக்குக் காலை நீட்டும்போது பாய்ந்தால் சிக்க மாட்டான். நீட்டிய காலை அவன் இழுக்கத் தாமதிக்கிற கண நேரம் இருக்கிறதே, அதில்தான் கணுக்கால் பிடி விழும். கையை மாட்டி முழங்கையை மடக்கும் ஆர்ம்பாரும் அதே கணக்கு. குத்து போகும்போது கை மாட்டாது, போன கை அங்கேயே தங்கினால்தான் மாட்டும். ஃபெடோர் நிமிர்ந்து, மொத்த உடம்பையும் போட்டு வீசுவார். இறங்கிய வேகத்தில் கை வீடு திரும்பிவிடும். நொகெய்ராவின் கால் தோளுக்கு ஏறுவதற்குள் அடுத்த கை இறங்கியிருக்கும். போன வியாழக்கிழமை உங்களில் ஒருவன் என் கார்டுக்குள் இருந்து குத்திவிட்டு, கையை என் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, எப்படி என்பது போல் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி, தோற்றேன் என்று தட்டி டேப் அடித்தான். பெயர் சொல்லவில்லை.

குத்து வேறு, பிடி வேறு என்று அவர் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை. ரஷ்ய மல்யுத்தமான சாம்போவும் ஜூடோவும் பழகி வந்தவர். அந்த அகலமான வலது கை வீச்சு தாடையில் பட்டால் சரி. தவறினால் அதே கை கழுத்தைச் சுற்றி விழும், அங்கிருந்து சாய்ப்பு. இன்று உங்களுக்கு இது முதல் மாதப் பாடம். அன்றைக்கு ஹெவிவெயிட்டில் இப்படி ஆடியவர்கள் அபூர்வம். 2005-ல் உதைக்குப் பேர்போன குரோ காப்போடு நடந்ததையும் ஒருமுறை பாருங்கள். அந்த இடது கால் உதைக்கு இடமே கொடுக்காமல் முன்னேறிக்கொண்டே இருப்பார்.

அடுத்து நீங்கள் சொல்வது, "யுஎஃப்சியில ஒரு சண்டைகூடப் போடலையே". அமெரிக்காவின் பெரிய எம்எம்ஏ தொடர் அது. உண்மைதான். ஆனால் பாலமேட்டில் அவிழ்த்த காளையை, அலங்காநல்லூரில் அவிழ்க்கவில்லை என்பதற்காக அது மாடே இல்லை என்று மாட்டுக்காரர் முன்னால் சொல்லிப் பாருங்கள். இங்கே அலங்காநல்லூரில் பரிசு வாங்கிய பிடிவீரர்களே வேறு வாடிக்கு வந்து இந்த மாட்டிடம் மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள். கோல்மன், ராண்டில்மன், சில்வியா, அர்லோவ்ஸ்கி, நாலு பேருமே யுஎஃப்சி ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்தவர்கள். சில்வியா 203 செ.மீ., ஃபெடோர் 183. 2008-ல் அந்தச் சண்டை நீடித்தது 36 விநாடி. 2009 ஜனவரியில் அர்லோவ்ஸ்கி முட்டியைத் தூக்கிப் பாய்ந்தார், ஒரே வலது கை, குப்புற விழுந்தார்.

அதே 2009-ல் யுஎஃப்சியோடு பேச்சு நடந்தது. தங்கள் கம்பெனியும் சேர்ந்து போட்டியை நடத்த வேண்டும் என்று ஃபெடோர் தரப்பு பிடிவாதமாக நின்றது, அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது பட்டம் பிராக் லெஸ்னரிடம் இருந்தது. அந்தச் சண்டை நடக்காமல் போனதில் எனக்கு இன்றைக்கும் ஃபெடோர் தரப்பின் மேல்தான் கோபம்.

நீங்கள் கேட்காத குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். பட்டம் கையில் இருந்த நாலு வருஷத்தில் அதைப் பணயம் வைத்து அவர் ஆடியது மூன்றே முறை. நடுவில் ஜூலுசினியோ, பிரைடு முடிந்த பிறகு 218 செ.மீ. உயர சோய் ஹோங் மான் என்று வேடிக்கைச் சண்டைகள் வேறு. இந்த ஒரு கணக்கிலேயே மியோசிச் முதலில் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் பலகையையே கழற்றியிருப்பேன்.

பெரிய குறை 2010 ஜூன் 26. அதற்கு முன் அவர் தோற்றது 2000 டிசம்பரில், ஒரு முழங்கை வெட்டுக் காயத்துக்காக 17 விநாடியில் நிறுத்தப்பட்ட சண்டையில் மட்டும். அப்புறம் 28 சண்டை தோல்வியே இல்லை. அன்று ஃபாப்ரீசியோ வெர்டும் ஒரு குத்தில் கீழே போனார். ஃபெடோர் யோசிக்கவே இல்லை, நொகெய்ராவின் கார்டுக்குள் இறங்கிய அதே தெம்பில் இறங்கினார். இந்த முறை கால் கழுத்துக்கு ஏறிவிட்டது. 69 விநாடியில் டேப். ஏழு வருஷத்தில் கீழே கிடக்கிறவனின் வித்தை வளர்ந்திருந்தது, மேலே இருந்தவர் பழைய இடத்திலேயே நின்றிருந்தார். அவரைக் குறைசொல்ல வேண்டுமென்றால் இதை வைத்துச் சொல்லுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். பேடர் வீடியோவைக் காட்டாதீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருத்தர் என் கார்டுக்குள் வாருங்கள். 2003-ஐயும் 2010-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்டுகிறேன். மார்க்கர் நானே வாங்கி வருகிறேன். அந்த 'ஃபெ'வை மட்டும் அதற்குள் அழித்துவிடாதீர்கள், அதிலிருந்தே தொடர்ந்து எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன்,
பழைய வலது மூலை, செல்லூர்