குளிர்காலப் பகுதியில் ரோஸ்டர் விதிகள் தவறு: திருத்தம் கோரிப் புகார்

அனுப்புநர்:
தங்கள் பேஸ்பால் மேலாளர் கேமையும் அதன் குளிர்காலக் கூடுதல் பகுதியையும் காசு கொடுத்து வாங்கிய இணைய லீக் உறுப்பினர்கள்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 60 நாள் காயப் பட்டியல், மைனர் லீக் ஆப்ஷன், லக்சுரி டாக்ஸ் ஆகியவை தவறாகக் கணக்கிடப்படுவது குறித்து

ஐயா / அம்மையீர்,

களத்தில் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி எங்களுக்குக் குறையே இல்லை. பிட்சர் பந்தை வீச வேண்டிய நேரத்தைக் காட்டும் பிட்ச் கடிகாரம், பேஸில் ஆள் இருந்தால் 18 நொடி, இல்லாவிட்டால் 15. பத்தாவது இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் நிறுத்தப்படும் ரன்னர் ஓடி வந்தாலும் அந்த ரன் பிட்சரின் ஈ.ஆர்.ஏ.வில் (அவர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி) ஏறுவதில்லை, பிளே ஆஃப் தொடங்கியதும் அந்த ரன்னர் ஏற்பாடே நின்றுவிடுகிறது. எல்லாம் சரி. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் உலகத் தொடர் முடிந்ததும் கோட்டை விட்டிருக்கிறீர்கள். மேஜர் லீக்கின் நடப்பு விதிகளை அப்படியே பின்பற்றுவதாகச் சொல்லித்தான் குளிர்காலப் பகுதிக்குத் தனி விலை வைத்தீர்கள்.

முதலில், எல்லாவற்றையும் விடப் பெரிய கோளாறு. சீசன் நடக்கும்போது 60 நாள் காயப் பட்டியலில் (நீண்ட நாள் ஆட முடியாதவர்களுக்கானது) இருப்பவர் 40 பேர் ரோஸ்டரில் (மேஜர் லீக் அணி தன் கையில் வைத்திருக்கும் ஆட்டக்காரர் பட்டியல்) எண்ணப்படுவதில்லை. ஆனால் குளிர்காலத்தில் காயப் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. உலகத் தொடர் முடிந்து ஐந்து நாளுக்குள் அத்தனை பேரையும் 40-க்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். 40 இடமும் நிரம்பிய அணியில் நான்கு பேர் அந்தப் பட்டியலில் இருந்தால் நவம்பர் தொடக்கத்திலேயே கணக்கு 44 ஆகும். நான்கு இடத்தைக் காலி செய்தே தீர வேண்டும். தங்கள் கேமில் அவர்கள் அடுத்த சீசனின் தொடக்க நாள் வரை வெளியிலேயே நிற்கிறார்கள்.

இதன் விளைவு சங்கிலித் தொடராக வருகிறது. கணினி நடத்தும் அணிகளுக்கு ஆளைக் கழிக்கும் நெருக்கடியே இல்லாததால் நவம்பர் வேவர் பட்டியல் (ஓர் அணி கழிப்பவரை மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ளும் பட்டியல்) வெறிச்சோடிக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் இடங்களில் அவை தங்கள் இளம் ஆட்டக்காரர்களை எல்லாம் ஏற்றிக் காப்பாற்றிக்கொள்வதால் டிசம்பரில் ரூல் 5 டிராஃப்டில் (40-க்குள் ஏற்றப்படாத மைனர் லீக் ஆட்டக்காரர்களை வேறு அணிகள் எடுக்கும் தேர்வு) எடுக்கத் தகுந்த ஆளே தேறுவதில்லை. கடைசியில், தொடக்க நாளன்று காயப்பட்டவர்கள் மொத்தமாகத் திரும்பி வரும்போது, "பட்டியல் மீறல் சரிசெய்யப்பட்டது" என்று ஒரே ஒரு வரி திரையில் வருகிறது. கேம் தானாகவே, தரமதிப்பு குறைந்தவர்களை விடுவித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். தரமதிப்பு குறைந்தவர் யார்? டொமினிகன் குடியரசில் 17 வயதில் ஒப்பந்தமாகி, ஐந்து சீசன் வளர்த்து, ரூல் 5-லிருந்து காப்பதற்காகவே நவம்பரில் 40-க்குள் ஏற்றிய பையன்தான். நிஜத்தில் அவரை இறக்க வேண்டுமானால் முதலில் டி.எஃப்.ஏ. (40-இலிருந்து நீக்குவதாக அறிவிப்பது) செய்ய வேண்டும். அதன்பின் டிரேடு செய்யவோ வேவரில் விடவோ அணிக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. இங்கே நேராக ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒரு மைனர் லீக் பிட்சர்கூடக் கிடைப்பதில்லை.

சோதித்துப் பார்க்க நேரம் ஆகாது. ஏதாவது ஓர் அணியில் 40 இடத்தையும் நிரப்புங்கள் (நிரம்பியிருந்தால்தான் 60 நாள் பட்டியலில் ஆளைச் சேர்க்க முடியும், இது தங்கள் கேமில் சரியாக உள்ளது). ஆகஸ்டில் இருவரை அதில் போட்டு, இருவரைப் புதிதாகச் சேருங்கள். நாட்காட்டியை உலகத் தொடர் முடிந்து ஆறாம் நாளுக்கு நகர்த்துங்கள். ரோஸ்டர் திரை 42 காட்டிச் சிவப்பாக எச்சரிக்க வேண்டும். ஆனால் தங்கள் கேம் 40 என்று பச்சையில் காட்டும். 60 நாள் பட்டியலை மறுபடி திறக்க வேண்டிய இடம் வசந்தகாலப் பயிற்சி முகாம் தொடங்கும் நாள்.

அடுத்தது ஆப்ஷன், அதாவது 40-க்குள் இருப்பவரை வேவரில் விடாமலே மைனர் லீக்குக்கு அனுப்பும் உரிமை. ஓர் ஆட்டக்காரரை ஒரே சீசனில் மூன்று தடவை மைனருக்கு அனுப்பினால் மூன்று ஆப்ஷனையும் கேம் கழித்துவிடுகிறது. விதி அப்படியில்லை. ஆப்ஷன் என்பது வருடக் கணக்கு. ஒரு சீசனில் மொத்தம் 20 நாளோ அதற்கு மேலோ கீழே இருந்தால் ஓர் ஆப்ஷன் போகும், எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் ஒன்றுதான். 20-க்குக் குறைந்தால் அதுவும் போகாது. அந்த நாட்கள் மேஜர் லீக் சர்வீஸிலேயே (பணிக்காலக் கணக்கு) சேரும். தடவைக்கு வரம்பு வேண்டுமென்றால், லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2022 ஒப்பந்தத்திலிருந்து சீசனுக்கு ஐந்து என்று இருக்கிறது, அதை வையுங்கள். புல்பென்னின் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் ரிலீவர் பிட்சர்கள்) கடைசி இரண்டு இடங்களை வாரத்துக்கொருவர் என்று மாற்றி மாற்றி ஓட்டாத அணி இன்றைக்கு ஏது? தங்கள் கணக்கில் அந்த ரிலீவர்கள் ஒரே கோடையில் ஆப்ஷன் தீர்ந்து, மார்ச்சில் வேவருக்குப் போய் அடுத்த அணிக்குப் பறிபோகிறார்கள்.

அடுத்தது பணக் கணக்கு: அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் விழும் வரியான லக்சுரி டாக்ஸ். தள்ளிவைத்த சம்பளத்துக்கு இன்றைய மதிப்பு காணாமல், மொத்தத்தை வருடத்தால் வகுத்து விட்டுவிடுகிறீர்கள். டாட்ஜர்ஸ் அணியுடன் ஓதானி செய்த ஒப்பந்தம் 10 ஆண்டு, 70 கோடி டாலர். அதில் 68 கோடி 2034 முதல் வட்டியில்லாமல் தரப்படுவது. லக்சுரி டாக்ஸுக்கு அவர் ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடியாகத்தான் எண்ணப்படுகிறார். கேமில் 7 கோடி. 2024-இல் வரம்பு 23.7 கோடி. டாட்ஜர்ஸ் தொடர்ந்து வரம்பை மீறி வந்ததாலும் அதை 6 கோடிக்கு மேல் தாண்டியதாலும் அந்த உச்சப் படியில் அவர்களுக்கு வரி 110 சதவீதம். ஆக, இல்லாத 2.4 கோடிக்கு ஏறத்தாழ 2.64 கோடி டாலர் வரி விழுகிறது. ஒரு நல்ல ஸ்டார்ட்டரின் ஒரு வருடச் சம்பளம்!

ஜப்பான் போஸ்டிங் கட்டணமும் (ஜப்பான் அணியிலிருந்து ஆளை எடுக்கும்போது அந்த அணிக்குத் தருவது) இதே ரகம். ஒப்பந்தத் தொகையில் முதல் 2.5 கோடிக்கு 20 சதவீதம், அடுத்த 2.5 கோடிக்கு 17.5, அதற்கு மேல் 15. பிட்சர் யமமோட்டோவின் 32.5 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு 5.0625 கோடி வர வேண்டும். கேம் எல்லாவற்றுக்கும் 20 போட்டு 6.5 கோடி வாங்குகிறது. போதாக்குறைக்கு அதை லக்சுரி டாக்ஸ் சம்பளப் பட்டியலிலும் ஏற்றுகிறது. போஸ்டிங் கட்டணத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சில்லறைப் பிழைகள் இரண்டு: சீசன் நடுவில் டிரேடில் வந்தவருக்கும், முன்பே ஒருமுறை பெற்றவருக்கும் குவாலிஃபையிங் ஆஃபர் (ஒப்பந்தம் முடிபவருக்கு அவருடைய அணி தரும் ஓராண்டு ஒப்பந்த அழைப்பு) கொடுக்க முடிகிறது. ரூல் 5-இல் எடுத்தவரைக் கணினி அணிகள் கூசாமல் மைனருக்கு இறக்குகின்றன. நிஜத்தில் முதலில் அவர் வேவர் கடந்து, 50,000 டாலருக்குப் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும்; கேமில் அந்த நிபந்தனையே இல்லை.

கேமை எளிமைப்படுத்தவே இப்படி என்று தங்கள் உதவி மையம் பதில் அனுப்பியது. எளிமை வேண்டுவோருக்கு அமைப்புகளில் ஒரு பொத்தான் வையுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் வருடக் கணக்கைத் தடவைக் கணக்காக்குவது எளிமை அல்ல, பிழை. அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை.

எங்கள் கோரிக்கை: காயப் பட்டியலும் ஆப்ஷனும் அடுத்த அப்டேட்டிலேயே திருத்தப்பட வேண்டும், பணக் கணக்குகள் அடுத்த குளிர்காலத்துக்குள் வந்தால் போதும். தொடக்க நாளன்று தானாக விடுவிக்கப்பட்டவர்களை, சேமித்த லீக்குகளில் அந்தந்த அணிக்கே மீட்டுத் தர வேண்டும். காத்திருக்க விரும்பாதவர்களுக்குக் குளிர்காலப் பகுதியின் விலையை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். சேமித்த லீக் கோப்பும் மேற்சொன்ன ரோஸ்டர் திரைப் படங்களும் இணைத்துள்ளோம். எந்தப் பிழை எந்த அப்டேட்டில் திருத்தப்படும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
லீக் உறுப்பினர்கள்