எரிபொருள் வீணாவதற்குக் கட்டுப்பாட்டாளர் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானங்களின் எரிபொருள் சிக்கனம் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். இன்ஜினைத் தணித்துவிட்டுச் சீராக இறங்கினால் எரிபொருள் மிச்சமாகும் என்பதெல்லாம் சரி. ஆனால் தரையிலிருந்து வரும் கட்டளைகள்தான் இதைக் கெடுக்கின்றன என்று முடித்திருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகப் பல ஆண்டுகள் ரேடார் திரை முன் வேலை பார்த்தவன் நான்.

36,000 அடி உயரத்தில் வரும் ஜெட் விமானம் அப்படி இறங்க வேண்டுமென்றால், ஓடுபாதைக்கு ஏறக்குறைய 120 கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். எடை கூடினாலோ பின்காற்று வீசினாலோ இன்னும் முன்னதாக. எதிர்காற்று என்றால் சற்றுத் தாமதமாக. விமானத்தில் உள்ள கணினி இதைக் கணக்கிட்டுவிடும். கட்டுப்பாட்டாளருக்கோ திரையில் தெரிவது விமானத்தின் அடையாளம், உயரம், வேகம் போன்ற சில விவரங்கள்தான்.

இப்போது நான்கு விமானங்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே இடத்தை நோக்கி வருகின்றன. ரேடார் கண்காணிப்பில் வழித்தடத்தில் பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்தை நெருங்கும்போது 3 கடல் மைல் இடைவெளி இருந்தாக வேண்டும். எது எப்போது இறங்கத் தொடங்கும் என்று தெரியாதவர் என்ன செய்வார்? ஒன்றை வழியிலேயே ஓர் உயரத்தில் நிறுத்துவார், இன்னொன்றைச் சுற்றிவர விடுவார். தாழ்வான உயரத்தில், அடர்ந்த காற்றில் மட்டமாகப் பறக்க இன்ஜினுக்கு மறுபடி விசை கொடுத்தாக வேண்டும். எரிபொருள் கரைவது அங்கேதான். எரியும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.16 கிலோ கரியமில வாயு வேறு.

இதற்கென்றே அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையம் 'எஃபிஷியன்ட் டிசென்ட் அட்வைசர்' என்ற மென்பொருளை உருவாக்கி, 2011-இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.விடம் ஒப்படைத்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஒரு விமானம் தனக்குக் குறித்த நேரத்தைவிட இரண்டு நிமிடம் முந்திவிடும் என்று வையுங்கள். மேலே இருக்கும்போதே வேகத்தை இவ்வளவு குறைக்கலாம், இறங்கும்போது இந்த வேகம் போதும் என்று அந்த மென்பொருள் கட்டுப்பாட்டாளருக்கு யோசனை சொல்லும். அதுவும் போதாவிட்டால் பாதையில் ஒரு சிறு வளைவு. அப்படி மாற்றினால் வேறு விமானம் குறுக்கே வருமா என்பதையும் சேர்த்தே பார்த்துவிடும். காத்திருக்க வேண்டிய நேரம் மேலே இருக்கும்போதே கழிந்துவிடுவதால் கீழே வட்டமடிக்கும் தேவை குறைகிறது. யோசனையை ஏற்பதும் தள்ளுவதும் கட்டுப்பாட்டாளர் கையில். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வேகம், உயரம், பாதை எல்லாம் கலந்த நீண்ட கட்டளையை ரேடியோவில் சொல்லி, விமானி ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்வதைக் கேட்டுச் சரிபார்ப்பது, நெரிசல் நேரத்தில் பெரும்பாடு. அதை எழுத்து வடிவில் நேராகக் காக்பிட்டுக்கு அனுப்பும் டேட்டாலிங்க் வசதி கூடவே வர வேண்டும். அப்புறம் விமானத்தின் எடை. கணக்கு துல்லியமாக இருக்க அது தெரிய வேண்டும், ஆனால் அதைத் தொழில் ரகசியமாகக் கருதும் விமான நிறுவனங்கள் உண்டு. அடுத்த கட்டுரையில் அவர்களிடமும் கேளுங்கள்: எடை விவரத்தைக் கட்டுப்பாட்டு மையங்களுடன் பகிர ஏன் தயக்கம்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்