தம்பிக்கு அப்பா எழுதுவது

மேலூர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கிணற்று மோட்டாரில் காயில் போய்விட்டது, கட்டக் கொடுத்திருக்கிறேன். போனில் பேசினால் "ம்ம், ஓகேப்பா" என்று முடித்துவிடுகிறாய். பக்கத்தில் ஆள் இருந்தால் உனக்கு நம்ம ஊர்ப் பேச்சே வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு மாட்டுத்தாவணியில் வந்து இறங்கியபோது ஏலக்காய் மென்றுகொண்டிருந்தாய். பாயசத்தில் கிடந்தால்கூட எடுத்து இலை ஓரம் வைக்கிறவன் நீ. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

பி.எட்.டில் ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் கல்லூரிப் பையன்களை வைத்து நடத்தி 1951-ல் வெளியிட்டது. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று. எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அறையில் ஒருவனைத் தவிர மற்றவர்கள் முன்பே பேசிவைத்த ஆட்கள். வரிசையாகத் தப்பான கோட்டைச் சொல்வார்கள். அப்படி மாட்டிய பையன்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். கண் தெரியாமல் இல்லை. பெரும்பாலும் தனியாகத் தெரிய வேண்டாமே என்றுதான்.

கூட்டமே ஆகாது என்பதில்லை. மதுரைக்கு வரும் அழகரை வரவேற்கிற எதிர்சேவையில் என் தோளில் உட்கார்ந்து, சுற்றி இருந்தவர்களைப் பார்த்து நீயும் "கோவிந்தா" என்று தொண்டை கிழியக் கத்தினாயே, அதுவும் கூட்டம் கொடுத்ததுதான். ஆனால் உன் சின்ன மாமாவும் தனியாக ஆரம்பித்தவர் இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு கணக்குக்கு வகுப்பே தப்பான விடைக்குக் கை தூக்கியபோது நீ மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாய். கணக்கு வாத்தியார் வந்து சொன்னதும் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே பிள்ளை இப்போது, டீமே போகிறது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி போனை எடுப்பதில்லை. சரி, வேலை இருக்கும்.

ஆஷ் இன்னொன்றும் செய்து பார்த்தார். கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் சரியான கோட்டைச் சொன்னதும், பையன்கள் தடுமாறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் ஆபீசிலும் "எனக்கு வேண்டாம்" என்கிற ஒருத்தன் இருப்பான். மற்றவர்கள் கேலி செய்வார்கள். நீ அவன் பக்கத்தில் போய் உட்கார்.

அம்மா சுக்குமல்லிப் பொடி அரைத்து பார்சலில் வைத்திருக்கிறாள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இப்போதே டிக்கெட் போடு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் என்று சொல்லாதே. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு, வெறும் வயிற்றோடு வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கூப்பிடுவேன். எடு.

அப்பா